ஒரு பெட்டி ஐபீஸ், மூன்று தொலைநோக்கிகள்: ஒரு வானோக்குக் குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியின் ஒரு சிற்றூரில் எங்கள் வானோக்குக் குழு இயங்குகிறது. பள்ளி ஆசிரியர்கள், ஒரு மருந்துக் கடைக்காரர், சில கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஒருவர் என்று மொத்தம் பதினைந்து பேர். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை பள்ளி மைதானத்தில் தொலைநோக்கிகளை வைத்து ஊர் மக்களுக்கு வானத்தைக் காட்டுவோம். இங்கே எழுதுவது 2025 ஜனவரி தொடங்கி மார்ச் வரை நடந்தது.

எங்களிடம் மூன்று தொலைநோக்கிகள் உண்டு. முதலாவது லென்ஸ் வைத்த ஒளிவிலகல் வகை. முன்பக்க லென்ஸின் விட்டம் 90 மி.மீ., குவியத் தொலைவு 900 மி.மீ. இரண்டாவது, பயிற்றுநர் ஐயா தன் கையால் ஆடி தேய்த்துச் செய்த டாப்சன், அதாவது ஆடியால் ஒளியைக் குவித்து, எளிய தாங்கியில் கையால் திருப்பும் வகை. ஆடியின் விட்டம் 200 மி.மீ., குவியத் தொலைவு 1000 மி.மீ. கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் வைத்து மாதக்கணக்கில் தேய்த்து, சீரியம் ஆக்ஸைடால் மெருகேற்றி, ஒட்டுப்பலகைப் பெட்டியில் பொருத்திய கருவி அது. மூன்றாவது, பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்த 8 அங்குல ஷ்மிட்-காசக்ரெய்ன், ஆடியும் லென்ஸும் சேர்ந்த வகை. நாங்கள் எஸ்.சி.டி. என்போம். குழாய் ஏறத்தாழ ஒரு முழ நீளம்தான். ஆனால் உள்ளே ஒளி மடங்கி வருவதால் குவியத் தொலைவு 2032 மி.மீ. மோட்டார் இருப்பதால் வானம் நகர நகர அதுவும் கூடவே நகரும்.

மூன்றுக்கும் சேர்த்து ஐபீஸ்கள், அதாவது பாடப்புத்தகம் கண்ணருகு லென்ஸ் என்று சொல்பவை, ஒரே பெட்டியில் கிடந்தன. 40, 32, 6 மி.மீ. பிளாசல்கள் மூன்று. 25, 10 மி.மீ. கெல்னர்கள் இரண்டு. (பிளாசல், கெல்னர் என்பவை ஐபீஸுக்குள் லென்ஸ்களை அடுக்கும் முறைகளின் பெயர்கள். மி.மீ. எண் ஐபீஸின் குவியத் தொலைவு.) கண்ணை வைத்தால் தெரியும் காட்சி 66 டிகிரி அகலம் என்று அட்டையில் போட்டிருந்த 20 மி.மீ. ஒன்று. இவற்றோடு ஒரு இரட்டிப்பு பார்லோ, அதாவது ஐபீஸோடு சேர்த்துப் போட்டால் உருப்பெருக்கத்தை இரு மடங்காக்கும் துணை லென்ஸ். எது எந்தத் தொலைநோக்கியோடு வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. எல்லாமே ஒன்றேகால் அங்குலம் என்பதால் எது வேண்டுமானாலும் எதிலும் நுழையும். இந்த வசதியே எங்களை யோசிக்க விடாமல் செய்தது என்று இப்போது நினைக்கிறேன்.

புதிய தன்னார்வலர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தது ஒரே விதி: எண் சிறியதானால் பெரிதாகத் தெரியும், எண் பெரியதானால் சிறிதாகத் தெரியும். அது சரிதான், ஆனால் பாதிதான். இந்த நிகழ்வு முழுக்க அந்த விடுபட்ட பாதியைப் பற்றியது.

4 ஜனவரி: முதல் இரவு

அன்று வானம் நல்ல விருந்து. மேற்கே ஐந்து நாள் பிறை, அதன் பக்கத்திலேயே சனி, கீழே பாதி ஒளிர்ந்த வெள்ளி. கிழக்கே ரோகிணிக்கு அருகில் வியாழன் பளிச்சென்று ஏறிக்கொண்டிருந்தது. சுமார் 150 பேர் வந்திருந்தார்கள்.

டாப்சனில் நிலவைக் காட்டத் தீர்மானித்தோம். முழுப் பிறையும் தாராளமாக அடங்கட்டும் என்று ஒரு மாணவர் 40 மி.மீ. ஐபீஸைப் போட்டார். நான்காவதாகப் பார்த்த சிறுவன் கேட்டான்: "அண்ணா, நிலாவுல ஓட்டை இருக்குங்களா?" அவனுக்குப் பின்னால் நின்ற பெரியவரும் நடுவில் கறுப்பாக ஏதோ மிதக்கிறது என்றார். தலையை அசைத்தால் அந்தக் கறுப்பும் அசைகிறதாம். அழுக்கு என்று நினைத்து மாணவர் ஐபீஸைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். கறுப்பு போகவில்லை. ஐபீஸின் மேல்பூச்சில் மட்டும் மெல்லிய கீறல் விழுந்தது.

எஸ்.சி.டி.யில் வியாழன். வரிசை நீளமாக இருந்ததால், பெரிதாகக் காட்டினால் மகிழ்வார்கள் என்று 6 மி.மீ. போடப்பட்டது. வியாழன் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் மங்கலாக, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் கிடக்கும் காசு போல நெளிந்தது. பட்டைகள் தெரியவில்லை. கண்ணாடி அணிந்தவர்களால் கண்ணை வைக்கவே முடியவில்லை. 6 மி.மீ. பிளாசலில் கண்ணை லென்ஸுக்கு நான்கைந்து மி.மீ. அருகே கொண்டு போயாக வேண்டும். இமை பட்டுப் பட்டு லென்ஸில் எண்ணெய் படிந்தது. "டிவியில பார்த்த மாதிரி இல்லைங்களே" என்று சொல்லிவிட்டு ஒரு அம்மா நகர்ந்தார். அவர் குரலில் இருந்தது குறை கூட இல்லை, ஏமாற்றம்தான். அது இன்னும் காதில் இருக்கிறது.

நிலவு சாய்ந்த பிறகு டாப்சனில் 20 மி.மீ. போட்டுக் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டினோம். நடுவில் விண்மீன்கள் ஊசிமுனையாக இருந்தன. ஓரத்துக்குப் போகப் போக ஒவ்வொன்றும் சிறகு விரித்த குருவியாகிவிட்டது.

அந்த இரவில் குறை சொல்லாத வரிசை ஒன்றே ஒன்று, சிறிய 90 மி.மீ. தொலைநோக்கியின் வரிசை. அதில் 25 மி.மீ. கெல்னர் இருந்தது. சனியையும் மெல்லிய கோடாகிவிட்ட அதன் வளையத்தையும் சிறிதாக, ஆனால் தெளிவாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் எழுந்த பேச்சு

கூட்டத்தில் முதலில் வந்த கருத்து, டாப்சனின் ஆடி சரியில்லை என்பது. கையால் தேய்த்தது, எங்கோ வடிவம் பிசகியிருக்கும், கையில் இருக்கும் நன்கொடைப் பணத்தில் கடையில் விற்கும் புது ஆடி வாங்கிவிடலாம் என்றார்கள். பயிற்றுநர் ஐயா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாத்துட்டு செய்யுங்க தம்பி" என்றார், அவ்வளவுதான்.

இரண்டாவது கருத்து எஸ்.சி.டி. பழுதாகிவிட்டது, பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது. மூன்றாவது, ஐபீஸ் எல்லாமே மட்டம், மொத்தமாக மாற்ற வேண்டும் என்பது.

மூன்று யோசனைகளும் பணத்தையோ ஸ்குரூ டிரைவரையோ கேட்டன. எதையும் வாங்குவதற்கும் பிரிப்பதற்கும் முன்னால் நிலவில்லாத மாலைகளில் சோதித்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். ஜனவரி 24, 25, 26 மூன்று நாட்களிலும் தேய்பிறை பின்னிரவில்தான் எழும் என்பதால் அவற்றைக் குறித்துக்கொண்டோம்.

முதலில் காகிதத்தில் போட்ட கணக்கு

சோதனைக்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தொலைநோக்கியின் குவியத் தொலைவை ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம். இது எல்லாருக்கும் தெரிந்தது. 6 மி.மீ. ஐபீஸ் டாப்சனில் 167 மடங்கு, லென்ஸ் தொலைநோக்கியில் 150 மடங்கு, எஸ்.சி.டி.யில் 339 மடங்கு தருகிறது. அன்று வியாழனை 339 மடங்கில் காட்டியிருக்கிறோம் என்பதே இந்தத் தாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

விடுபட்ட பாதி எஃப் எண்ணில் இருக்கிறது. குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தால் அது கிடைக்கும். டாப்சன் எஃப்/5. மற்ற இரண்டும் எஃப்/10. புனலை நினைத்துக்கொண்டால் எளிது. எஃப்/5 என்றால் குட்டையான, வாயகன்ற புனல். ஒளி சரிவாக, அவசரமாக வந்து குவிகிறது. எஃப்/10 நீண்டு மெலிந்த புனல். ஒளி நிதானமாக வருகிறது. ஐபீஸுக்கு எந்தப் புனலின் முனையில் வேலை என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறுகிறது.

ஐபீஸின் மி.மீ. அளவை எஃப் எண்ணால் வகுத்தால், கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம் வரும். நாங்கள் அதை ஒளிப்பொட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 40 மி.மீ. ஐபீஸ் எஃப்/10 தொலைநோக்கிகளில் 4 மி.மீ. பொட்டு தரும். டாப்சனில் 8 மி.மீ. நல்ல இருட்டில் இளைஞர்களின் கண்பாவை சுமார் 7 மி.மீ. வரை விரியும். வயதானால் 5 மி.மீ.தான். 8 மி.மீ. பொட்டில் 5 மி.மீ. கண் எடுத்துக்கொள்வது போக மீதி ஒளி கண்ணுக்கு வெளியே விழுகிறது. அதாவது 200 மி.மீ. ஆடியில் 125 மி.மீ. மட்டுமே வேலை செய்கிறது. பரப்பில் பாதிக்கும் குறைவு. ஐயா மாதக்கணக்கில் தேய்த்த கண்ணாடியின் பெரும்பகுதியை ஒரு தவறான ஐபீஸ் வீணாக்கிவிட்டது.

நிலவின் ஓட்டையும் இதே கணக்கில் வந்துவிட்டது. டாப்சனின் உள்ளே 50 மி.மீ. அகலமுள்ள சாய்வுக் கண்ணாடி ஒன்று நடுவில் நிற்கிறது. அது ஆடி விட்டத்தில் கால் பங்கு. 8 மி.மீ. பொட்டின் நடுவிலும் கால் பங்கு, 2 மி.மீ. நிழல் இருக்கும். நிலவின் வெளிச்சத்தில் கண்பாவை இரண்டு மூன்று மி.மீ.க்குச் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய பாவை அந்த நிழலின் மேல் போய் நிற்கும்போது கறுப்பு மிதக்கிறது. சிறுவன் பார்த்தது உண்மை. அழுக்கு என்று நாங்கள்தான் தவறாக முடிவு செய்தோம்.

இதைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்று மாணவர்கள் நினைத்தார்கள். சூரியன் மறைந்த பிறகு, வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கையில், டாப்சனை மேலே திருப்பி 40 மி.மீ. ஐபீஸுக்குப் பின்னால் டிரேசிங் பேப்பரைப் பிடித்தோம். எட்டு மி.மீ. வெள்ளை வட்டம் விழுந்தது, நடுவில் கறுப்புப் பொட்டோடு. ஸ்கேலை வைத்து அளந்தார்கள். லென்ஸ் தொலைநோக்கியில் அதே ஐபீஸ் 4 மி.மீ. வட்டம் தந்தது, நடுவில் எந்தக் கறுப்பும் இல்லை. அதன் குழாயில் ஒளியை மறிக்க எதுவும் கிடையாதே. (இந்தச் சோதனையைச் சூரியன் வானில் இருக்கும்போது யாரும் செய்யக் கூடாது.)

மூன்று சோதனை இரவுகள்

24 இரவு ஆடியைச் சோதித்தோம். டாப்சனில் 6 மி.மீ. போட்டு ஒரு விண்மீனை நடுவில் நிறுத்தி, ஃபோகஸைச் சற்று உள்ளேயும் பிறகு சற்று வெளியேயும் திருப்பிப் பார்த்தோம். இரு பக்கமும் வளையங்கள் வட்டமாக, ஏறத்தாழ ஒரே மாதிரி வந்தன. ஆடியின் வடிவம் பிசகியிருந்தால் இரு பக்கமும் வெவ்வேறாகக் காட்டிக் கொடுத்திருக்கும். எல்லாரும் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஐயா கடைசியாகப் பார்த்தார்.

அப்படியானால் ஓரத்துக் குருவிகள் எங்கிருந்து வந்தன? 25 இரவு 20 மி.மீ. ஐபீஸை மூன்று தொலைநோக்கிகளிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். ரோகிணியை நடுவில் வைத்து மெல்ல ஓரத்துக்குக் கொண்டு போவதுதான் சோதனை. லென்ஸ் தொலைநோக்கியில் ஓரம்வரை நன்றாகவே இருந்தது. எஸ்.சி.டி.யிலும் பெரிய குறையில்லை. டாப்சனில் மட்டும் பாதி வழியிலேயே சிறகு முளைத்தது.

இங்கே ஒரு சிக்கல். டாப்சனில் மட்டும் வருகிறது என்றால் தவறு டாப்சனுடையது என்றுதானே தோன்றும்? சிலர் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் இன்னொரு அடையாளத்தைத் தேடினோம். குருவியின் சிறகுகள், ஃபோகஸை உள்ளே திருப்பினால் ஒரு திசையில் நீண்டன, வெளியே திருப்பினால் அதற்குச் செங்குத்தாக நீண்டன. இப்படித் திசை மாறுவது அஸ்டிக்மேடிசத்தின் அடையாளம், அதாவது ஒளி இரு திசைகளில் வெவ்வேறு தொலைவில் குவியும் குறை. டாப்சனில் இருப்பது போன்ற நியூட்டன் வகை ஆடிகளுக்கு இயல்பான குறை கோமா. அது நடுவை நோக்கிக் கூரான முனையும் வெளியே விரிந்த வாலுமாக வரும், ஃபோகஸைத் திருப்பினாலும் இப்படித் திசை மாறாது. ஆக நாங்கள் பார்த்ததில் பெரும்பங்கு ஐபீஸ் செய்த வேலை. எஃப்/10 புனலின் நிதானமான ஒளியைச் சமாளித்த அதே ஐபீஸ், எஃப்/5 புனலின் சரிவான ஒளியில் ஓரத்தில் தடுமாறியது.

26 இரவு இதை உறுதி செய்ய, வெளியூர் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய 16 மி.மீ., 82 டிகிரி ஐபீஸை டாப்சனில் போட்டோம். குருவிகள் காணாமல் போயின. கடைசி ஓரத்தில் மட்டும் விண்மீன்களுக்குச் சின்ன வால் மிச்சம் இருந்தது. அதுதான் கோமா. பரவளைய ஆடி எவ்வளவு கச்சிதமாகத் தேய்க்கப்பட்டிருந்தாலும் எஃப்/5 இல் அது இருந்தே தீரும். கோமா தொந்தரவில்லாத நடுப்பகுதியின் அகலம் எஃப் எண்ணின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. எஃப்/10 ஆடியோடு ஒப்பிட்டால் எஃப்/5 இல் அது எட்டில் ஒரு பங்குதான். இது வடிவியல் விதித்த எல்லை, கை செய்த பிழை இல்லை. இதைச் சொன்னபோது ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு கணத்துக்காகவே மூன்று இரவும் பனியில் நின்றது தகும்.

வழியில் இன்னொன்றும் தெரிந்தது. எஸ்.சி.டி.யில் 32 மி.மீ. போட்டபோது ஓர விண்மீன்கள் எனக்குச் சற்றுப் பருத்துத் தெரிந்தன. கூட நின்ற மாணவிக்கு எல்லாம் புள்ளியாகவே தெரிந்தன. ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பியதும் எனக்கும் ஓரம் கூர்மையாகி, நடு மங்கியது. குவியும் பரப்பு தட்டையாக இல்லாமல் கிண்ணம் போல வளைந்திருப்பதால் வருவது இது. லென்ஸ் தொலைநோக்கியிலும் கொஞ்சம் உண்டு. இளம் கண் தானாகவே குவியத்தை மாற்றிக்கொண்டு அந்த வளைவை ஈடுகட்டிவிடுகிறது, ஐம்பதைத் தாண்டிய என் கண்ணால் முடியவில்லை. ஐபீஸைத் தேர்ந்தெடுப்பவர் இளைஞராகவும் பார்ப்பவர் முதியவராகவும் இருக்கும் கூட்டங்களில் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஏன் ஐபீஸ்கள் இப்படி? இதற்கு வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. கெல்னர் 1849 இல் வந்தது, பிளாசல் 1860 இல். அந்தக் காலத்துத் தொலைநோக்கிகள் நீண்ட குழாயும் பெரிய எஃப் எண்ணும் கொண்டவை. அந்த நிதானமான ஒளிக்கு இந்த எளிய அமைப்புகள் போதும், இன்றும் போதும். பெரிய விட்டமும் குட்டைக் குழாயும் கொண்ட டாப்சன்கள் பரவியது 1970களுக்குப் பிறகு. சரிவான ஒளியையும் ஓரம்வரை கட்டுக்குள் வைத்து அகன்ற காட்சி தரும் ஐபீஸுக்கான தேவையும் அப்போதுதான் கூர்மையானது. விண்வெளி வீரர்களின் பயிற்சிக் கருவிகளுக்கு ஒளியியல் வடிவமைத்த ஆல் நாக்லர், 82 டிகிரி ஐபீஸைக் கொண்டுவந்தது அந்தச் சூழலில்தான்.

எடுத்த முடிவுகள்

புது ஆடி வாங்கும் யோசனை கைவிடப்பட்டது. எஸ்.சி.டி.யைப் பிரிக்கவும் இல்லை. வியாழன் நெளிந்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. பகலெல்லாம் வெயில் வாங்கிய சிமெண்ட் தளத்தில், வகுப்பறைக் கட்டடத்தின் கூரைக்கு மேலாகப் பார்த்தோம். சூட்டுக் காற்று படத்தை ஆட்டியது. மூடிய குழாய்க்குள் இருந்த காற்றும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர நேரம் கொடுக்கவில்லை. அதற்கு மேல் 339 மடங்கு. 0.6 மி.மீ. ஒளிப்பொட்டில் படம் மங்கும், நம் கண்ணுக்குள் மிதக்கும் தூசுகள்கூடத் தெரியத் தொடங்கும்.

பணம் செலவழிக்காமல் முதலில் இடம் மாற்றுவது என்று முடிவாயிற்று.

லென்ஸ் தொலைநோக்கிக்கு 32 மி.மீ., 10 மி.மீ. இரண்டும். 32 போட்டால் 28 மடங்கு, ஒன்றேமுக்கால் டிகிரி வானம். கார்த்திகையின் பிரகாசமான விண்மீன்கள் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். எஸ்.சி.டி.யில் ஒன்றேகால் அங்குல ஐபீஸ் எதைப் போட்டாலும் முக்கால் டிகிரிக்கு மேல் காட்டாது. அந்தக் குழாய்க்குள் நுழையும் வளையத்தின் அளவே 27 மி.மீ. அளவில் முடிந்துவிடுகிறது. அதனால் கார்த்திகையை எஸ்.சி.டி.யில் காட்டுவதே இல்லை என்று விட்டுவிட்டோம்.

எஸ்.சி.டி.க்கு 40, 25. வியாழனுக்கு 25 போட்டால் 81 மடங்கு. இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் 15 மி.மீ. பிளாசல் ஒன்று வாங்கினால் 135 மடங்கு கிடைக்கும். அந்த அளவில் வியாழன், வெறும் கண்ணுக்குத் தெரியும் நிலவைப் போல மூன்று மடங்கு அகலமாகத் தெரியும். எங்கள் மைதானத்துக் காற்றுக்கு அதுவே நல்ல அளவு. மோட்டார் இருப்பதால் குறுகிய காட்சியுள்ள பிளாசல் போதும்.

டாப்சனில்தான் அதிகம் வாதாடினோம். அதில் மோட்டார் இல்லை, கையால் தள்ள வேண்டும். 6 மி.மீ. போட்டால் கோள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடிவிட ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒருவர் பார்த்து அடுத்தவர் குனிவதற்குள் போய்விடும். ஆக, அகன்ற காட்சி உண்மையில் தேவைப்படுவது டாப்சனுக்கு. ஆனால் மலிவான அகல ஐபீஸ் சரிப்படாததும் டாப்சனில்தான். இந்த முடிச்சுக்கு ஒரு மாணவி வழி சொன்னார்: 20 மி.மீ. ஐபீஸுக்கு முன்னால் பார்லோவைப் போட்டால் என்ன? பார்லோ ஒளிக்கூம்பை மெலிவாக்கி எஃப்/10 ஆக மாற்றிவிடும். போட்டுப் பார்த்தோம். 100 மடங்கு, குருவிகள் பெரும்பாலும் அடங்கின, கோள் காட்சியில் இரண்டரை நிமிடத்துக்கு மேல் நின்றது. கண்ணை வைக்கவும் வசதி. இருந்த பொருளிலேயே கிடைத்த நல்ல தீர்வு இதுதான்.

டாப்சனில் 25 மி.மீ.க்கு மேல் எதையும் போடக் கூடாது என்றும் எழுதி வைத்தோம். 25 என்றால் 5 மி.மீ. பொட்டு, எங்கள் கூட்டத்துப் பெரியவர்களின் கண்ணுக்கு அதுதான் எல்லை.

பணத்தில் வாங்கியவை இரண்டு: எஸ்.சி.டி.க்கு அந்த 15 மி.மீ. பிளாசல், டாப்சனுக்கு எஃப்/5 ஒளியைத் தாங்கும் 14 மி.மீ., 82 டிகிரி ஐபீஸ். இரண்டாவதுக்குத்தான் கையில் இருந்ததில் பெரும்பகுதி போனது. மூன்றுக்கும் பொதுவாக நடுத்தர ஐபீஸ்கள் வாங்கலாம் என்று சிலர் கேட்டார்கள். எஃப்/10 தொலைநோக்கிகளுக்கு விலை உயர்ந்த ஐபீஸ் தரும் கூடுதல் நன்மை குறைவு, டாப்சனுக்கு அது கண்கூடு. அதனால் பணத்தை அங்கே குவித்தோம்.

1 பிப்ரவரி: மாற்றிய பிறகு

புது ஐபீஸ்கள் வந்து சேரவில்லை. பழையவற்றை இடம் மாற்றியதோடு நின்றோம். எஸ்.சி.டி.யை மாலை ஐந்து மணிக்கே மண்தரையில் வைத்து ஆறவிட்டோம். அன்று மேற்கே மெல்லிய பிறையும் வெள்ளியும் சேர்ந்து நின்றன. வியாழன் ஏறக்குறைய தலைக்கு மேல்.

எஸ்.சி.டி.யில் 81 மடங்கில் வியாழன் ஜனவரியை விடச் சிறிதாகத்தான் தெரிந்தது. ஆனால் இரண்டு பட்டைகளும் துணைக்கோள்களும் தெளிவாகத் தெரிந்தன. பெரிதாக இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. டாப்சனில் நிலவை 25 மி.மீ. வைத்துக் காட்டினோம், ஓட்டையைப் பற்றிப் பேச்சே வரவில்லை. கார்த்திகையை இந்த முறை சிறிய தொலைநோக்கியில் காட்டினோம். அதற்குத்தான் அன்று நீளமான வரிசை.

ஒன்று தவறிப்போனது. எந்த ஐபீஸ் எதற்கு என்று தெரிய சிவப்பு, மஞ்சள், நீல டேப் சுற்றியிருந்தோம். இருட்டுக்குப் பழகிய கண்ணைக் காக்க எங்களிடம் இருப்பதெல்லாம் சிவப்பு டார்ச். அந்த வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் ஒரே வெளுப்பு. எட்டு மணி சுமாருக்கு 32 மி.மீ. டாப்சனுக்குப் போய்விட்டது. பகலில் திட்டமிட்டதை இருட்டில் ஒருமுறைகூட ஒத்திகை பார்க்காத குறை எங்களுடையது. அன்றைக்கே டேப்பைக் கிழித்துவிட்டு ரப்பர் பேண்ட் மாட்டினோம்: லென்ஸ் தொலைநோக்கிக்கு ஒன்று, டாப்சனுக்கு இரண்டு, எஸ்.சி.டி.க்கு ஒன்றுமில்லை. விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

1 மார்ச்: புது ஐபீஸ்களோடு

மிக மெல்லிய பிறை சீக்கிரமே இறங்கியது. இருட்டிய வானத்தில் மிருகசீரிடத்துக்குத் தெற்கே உள்ள பெரிய நெபுலாவை டாப்சனில் 14 மி.மீ. போட்டுக் காட்டினோம். 71 மடங்கு, 2.8 மி.மீ. பொட்டு, ஒரு டிகிரிக்கு மேல் வானம். நடுவில் நான்கு குட்டி விண்மீன்களும் இரு பக்கமும் விரிந்த சாம்பல் சிறகும் ஒன்றாகத் தெரிந்தன. கையால் தள்ளும் வேலை கணிசமாகக் குறைந்தது. ஓரத்தில் கோமாவின் சின்ன வால் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் கருவி விற்கிறார்கள், ஊர் மக்களுக்குக் காட்ட அது அவசியமில்லை என்று இப்போதைக்கு விட்டிருக்கிறோம்.

எஸ்.சி.டி.யில் 15 மி.மீ. எதிர்பார்த்தபடி இருந்தது. காற்று அசைந்த நேரங்களில் 25க்கு இறங்கினோம்.

ஒளிவு மறைவின்றிச் சொன்னால், ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இருந்த வித்தியாசம் பெரிது, பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் இருந்தது அதைவிடச் சிறிது. பெரிய மாற்றம் பைசா செலவில்லாமல் வந்தது.

இப்போது மாற்றிச் செய்பவை

தன்னார்வலர் பயிற்சியில் என் பழைய விதியை எடுத்துவிட்டேன். இப்போது முதல் மணி நேரமே டிரேசிங் பேப்பரும் ஸ்கேலும்தான். மூன்று தொலைநோக்கிகளின் ஒளிப்பொட்டையும் ஒவ்வொருவரும் தங்கள் கையால் அளக்கிறார்கள். அளந்தவர் யாரும் 40 மி.மீ.யை மறுபடி டாப்சனில் போடவில்லை.

ஒருவர் குறை சொன்னால் துடைப்பதற்கு முன் ஐபீஸை மாற்றிப் பார்ப்பது என்று வழக்கமாக்கியிருக்கிறோம். கீறல் விழுந்த 40 மி.மீ. இன்னும் எஸ்.சி.டி.யில் வேலை செய்கிறது. பிரகாசமான பொருட்களைப் பார்க்கும்போது மட்டும் லேசான மூட்டம் தெரியும். கண்ணாடி அணிந்தவர்களுக்காக டாப்சனின் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறோம், கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் என்று. பெரிய பொட்டுள்ள தொலைநோக்கியில் கண்ணின் சொந்தக் குறைகள் அதிகம் தெரியும் என்பதால் அது தேவைப்பட்டது. 6 மி.மீ. பொதுக் கூட்டங்களுக்கு வருவதில்லை, ஆடி ஒழுங்கைச் சோதிக்க மட்டும் வைத்திருக்கிறோம்.

பொதுப் பெட்டியை ஒழித்துவிட்டோம். ஒவ்வொரு தொலைநோக்கியின் காலிலும் அதற்கு உரிய ஐபீஸ்கள் மட்டும் நிற்கும்படி மரத்தட்டு செய்துகொண்டிருக்கிறார் பயிற்றுநர் ஐயா. டாப்சனுடையதில் நான்கு குழிகள்: 25, 20, 14, பார்லோ. எஸ்.சி.டி.யின் 25க்கு ஜோடியாக இன்னொரு 25 கெல்னர் கைமாற்றாகக் கிடைத்ததால் அந்தக் கணக்கும் தீர்ந்தது. குழிகளின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து, இருட்டில் எடுக்க இன்னும் அரை சுற்று அகலம் வேண்டும் என்று மறுபடி கடைசலுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.